டிபியில் எந்தப் படம்?

ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் ஆதார் அட்டையை நீட்டும்போது கட்டைவிரலால் படத்தை மறைத்துக்கொள்பவர்கள் உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டால், "அது நானே இல்லைங்க, அந்த கேமரா அப்படி" என்று ஒரு சமாதானம் வரும். அதே ஆளின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் கதை வேறு. மூணாறு போனபோது எடுத்த படம், நாலு வருடப் பழசு, கூலிங் கிளாஸ் வேறு. அவரைக் கேட்டால் அதுதான் "நான்". இரண்டு படங்களையும் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினால், அவர் யோசிக்காமல் ஆதார் படத்தின் மேல் விரலை வைத்து, "இதுதான் சார் அச்சு அசலா நீங்க" என்பார். நட்பு கெடுவதற்கு இது போதும்.

யார் சொல்வது சரி? பொழுதுபோகாதவர்களின் கேள்வி மாதிரி தெரிந்தாலும், உளவியல் ஆய்வுக்கூடங்கள் அரை நூற்றாண்டாக இதைக் குடைந்துகொண்டிருக்கின்றன. தன்னைக் காட்டுவதற்காக ஒருவர் ஒரு படத்தையோ பொருளையோ தேர்ந்தெடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது, பார்ப்பவரிடம் அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகளில் பாதி, தேர்ந்தெடுக்கும் ஆளுக்குச் சாதகமாக இல்லை. தன்னைப் பற்றித் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறோம். அப்படித் தெரிந்திருப்பதே இந்த வேலைக்கு இடைஞ்சல் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

முதலில் முகம்.

ஒருவர் தன் முகத்தை நேராகப் பார்த்ததே கிடையாது. பார்ப்பதெல்லாம் கண்ணாடியில். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும். வலது மூக்கில் குத்திய மூக்குத்தி, கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு அவள் வலக்கைப் பக்கமே தெரியும். எதிரே நிற்கும் தோழிக்கு அது இடக்கைப் பக்கம் தெரியும். மச்சம், வகிடு, சிரிக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் ஏறும் உதடு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எந்த முகமும் இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஆகவே தினமும் பல் துலக்கும்போது பார்க்கும் முகமும், ஊர் பார்க்கும் முகமும் கொஞ்சம் வேறு வேறு.

1977இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தியோடர் மீட்டா, மார்ஷல் டெர்மர், ஜெஃப்ரி நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு எளிய சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவிகளைப் புகைப்படம் எடுத்து, ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு பிரதிகள் போட்டார்கள். ஒன்று உள்ளபடி. மற்றது இடம் வலம் திருப்பியது, அதாவது கண்ணாடியில் தெரிவது போல. மாணவியிடமும் அவளுடைய நெருங்கிய தோழியிடமும் தனித்தனியே காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். மாணவிகள் பெரும்பாலும் திருப்பிய படத்தைத் தொட்டார்கள். தோழிகள் உள்ளபடி இருந்ததைத் தொட்டார்கள். அவரவர் கண்ணுக்குப் பழகிய முகம் எதுவோ அதுவே அவரவருக்கு அழகாக இருந்தது.

இதற்கு அடியில் இருக்கும் விதியை ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே எழுதிவைத்திருந்தார். பழக்க விருப்பு என்று அதைச் சொல்லலாம். அர்த்தமில்லாத சொற்கள், படிக்கத் தெரியாத சீன எழுத்துகள், முன்பின் தெரியாதவர்களின் முகங்கள் என்று எதைக் காட்டினாலும், அதிகத் தடவை கண்ணில் பட்டது கொஞ்சம் அதிகமாகப் பிடித்துப்போகிறது. செல்போனின் முன்பக்க கேமரா, எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டிவிட்டு, பல போன்களில் சேமிக்கும்போது நேராகத் திருப்பிவிடுகிறது. திரையில் நன்றாக இருந்த முகம் கேலரியில் கோணலாகிப் போவதன் ரகசியம் அதுதான். செல்ஃபிக்கு இன்னொரு வம்பும் உண்டு. ஒரு அடி தூரத்திலிருந்து எடுத்தால், மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கைச் சரிசெய்யச் சொல்லி செல்ஃபியோடு வருபவர்களைப் பார்த்துச் சலித்துப்போய்ப் போட்ட கணக்கு.

சரி, கண்ணாடிப் பழக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு படங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கும்போதாவது, தனக்கு எடுப்பாக இருப்பதைச் சரியாகப் பொறுக்க மாட்டாரா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைட்டும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கானது. 102 மாணவர்கள் ஃபேஸ்புக்கிலிருந்து தங்கள் படங்களில் ஆளுக்குப் பன்னிரண்டைக் கொண்டுவந்தார்கள். நட்புத் தளத்துக்கு எது, வரன் தேடும் தளத்துக்கு எது, வேலை தேடும் தளத்துக்கு எது என்று தாங்களே தேர்ந்தார்கள். அதன்பிறகு, முன்பின் தெரியாத இன்னொருவரின் பன்னிரண்டு படங்களை அவர்களிடம் கொடுத்து, அந்த ஆளுக்காகவும் அதே மாதிரி தேர்ந்துதரச் சொன்னார்கள். கடைசியில், இரண்டு தரப்பையும் அறியாத மூன்றாம் ஆட்களிடம் எல்லாப் படங்களையும் காட்டி, இவர் நம்பிக்கைக்கு உரியவரா, திறமைசாலியா, கவர்ச்சியானவரா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

அந்நியர் தேர்ந்த படங்களே ஜெயித்தன.

இதில் கவனிக்க வேண்டியது சோதனையின் அமைப்பு. தேர்ந்தவரும் அந்நியரும் ஒரே பன்னிரண்டு படங்களைத்தான் பார்த்தார்கள். அந்நியர்களுக்குத் தனியாக ரசனை இருந்தது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்களும் அதே மாணவர்கள்தான். தன் படத்தில் தடுமாறியவரே, அடுத்தவர் படத்தில் சரியாகத் தேர்ந்தார். ஆகவே குறை கண்ணிலோ ரசனையிலோ இல்லை. பார்க்கப்படுவது தன் முகமாக இருக்கும்போது மட்டும் கணிப்பு பிசகுகிறது.

அழகு, கவர்ச்சியை விடுங்கள், ஜாடையாவது? அதே வைட், ஓராண்டுக்கு முன்பு செய்த இன்னொரு சோதனையில், மாணவர்கள் தங்கள் பத்துப் படங்களை "எது என்னைப் போலவே இருக்கிறது" என்று வரிசைப்படுத்தினார்கள். அவர்களை ஒரு சிறு வீடியோவில் மட்டும் பார்த்த அந்நியர்களும் அதே படங்களை வரிசைப்படுத்தினார்கள். கடவுச்சீட்டு அதிகாரியின் வேலை மாதிரி, படத்தையும் ஆளையும் பொருத்திப் பார்க்கும் பரீட்சையில், அந்நியர் தேர்ந்த படங்களே 7 சதவீதம் கூடுதலாகச் சரியான விடை தந்தன. தன் முகத்தோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர், ஒரு நிமிஷம் பார்த்தவரிடம் தோற்றார். பக்கத்து வீட்டுக்காரரின் விரல் ஆதார் படத்துக்குப் போனதில் விஷயம் இருக்கிறது.

இதன் காரணம் முழுக்கத் தெளிவாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு துப்பு இருக்கிறது. 2011இல் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் நாற்பது முகப்படங்களை பிரிட்டன் மாணவர்களிடம் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே அடுக்காக வைக்கச் சொன்னார்கள். படங்களில் இருந்தது மொத்தமே இரண்டு பெண்கள். நெதர்லாந்தில் பிரபலமானவர்கள், பிரிட்டனில் யாருக்கும் தெரியாதவர்கள், ஆளுக்கு இருபது படம். மாணவர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்குகள் வைத்தார்கள். சிலர் பத்துக்கு மேலும் போனார்கள். ஒருவர்கூட இரண்டு அடுக்கில் நிறுத்தவில்லை. நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது அவர்கள் சிரமமில்லாமல் இரண்டாகப் பிரித்தார்கள். வெளிச்சம், கோணம், தூக்கம், வயது எல்லாம் ஒரே முகத்தை அவ்வளவு மாற்றுகின்றன. பழகிய கண்ணுக்கு அந்த மாற்றங்கள் தெரிவதே இல்லை. உலகத்திலேயே மிக அதிகமாகப் பழகிய முகம் தன் முகம்தான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் உடனே "நான்" என்று தெரிந்துவிடுகிறது. மற்றவருக்கு இதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துப் பார்ப்பது முடியாத காரியமாகிவிடுகிறது.

ஜென்கின்ஸும் மைக் பர்ட்டனும் 2008இல் இதை இயந்திரத்திடமும் காட்டியிருந்தார்கள். பிரபலங்களின் தனிப் படங்களைக் கொடுத்தபோது 54 சதவீதம் மட்டுமே சரியாகக் கண்டுபிடித்த ஒரு முகமறி மென்பொருளிடம், ஒவ்வொருவருக்கும் இருபது படங்களைக் கலந்து சராசரியாக்கிய ஒரே உருவத்தைக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு. எந்த ஒற்றைப் படமும் ஆளுக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. டிபிக்கு இடமோ ஒன்றுதான்.

முகத்தை விட்டுப் பொருளுக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவையாகிறது. முகமாவது உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. கைக்கடிகாரமும் காபி டம்ளரும் எப்படி "நான்" ஆகின்றன?

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால், "பேர் வெட்டித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். சின்ன மின் ஊசியால் புள்ளி புள்ளியாக இன்ஷியலோடு பெயர் விழும். அந்த நிமிஷம் வரை கடையில் அடுக்கியிருந்த நூறு குடங்களில் ஒன்றாக இருந்தது, இப்போது வேறு ஜாதி. தனக்கென்று ஆகும் ஒவ்வொரு பொருளிலும் மூளை இதே மாதிரி பெயர் வெட்டுகிறது என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது. வெட்டும் வேகம்தான் ஆச்சரியம்.

ஷீலா கன்னிங்ஹாம், டேவிட் டர்க், நீல் மக்ரே ஆகியோர் 2008இல் இரண்டிரண்டு பேராக ஆட்களை உட்காரவைத்து, கடைச் சாமான்களின் படங்களைக் காட்டினார்கள். இது உன் கூடைக்கு, அது அவர் கூடைக்கு என்று நிறம் பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகப்போவதில்லை, தாங்களாகத் தேர்ந்ததும் இல்லை. பிறகு திடீரென்று ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். "என் கூடை" சாமான்களே அதிகம் நினைவில் நின்றன. 2012இல் கியூங்மி கிம், மார்சியா ஜான்சன் என்ற யேல் ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு விளையாட்டை, மூளையில் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று காட்டும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து நடத்தினார்கள். ஒரு பெட்டி "என்னுடையது", மற்றது அலெக்ஸ் என்ற கற்பனை ஆளுடையது. "என்னுடையது" பெட்டியில் பொருள் விழும்போது, நெற்றிக்குப் பின்னே நடுக்கோட்டில் இருக்கும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. ஒருவர் தன் குணங்களைப் பற்றி யோசிக்கும்போது வேலை செய்வதும் ஏறத்தாழ அதே பகுதிதான். அங்கே யாருக்கு எவ்வளவு அதிகமாக வேலை நடந்ததோ, அவருக்கு அந்தப் பொருள்கள் பிறகு அவ்வளவு அதிகமாகப் பிடித்துப்போயின.

இதே சங்கதி பணத்திலும் தெரியும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட காபி மக் சோதனை பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பழக்கமானது. வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு மக் இலவசம். அவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, மக் கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கம். கையில் வந்து சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன. இதற்கு உடைமை விளைவு என்று பெயர். இழப்பு வலிக்கிறது என்பது கானமன் தரப்பின் விளக்கம். "என்னுடையது" ஆனதாலேயே மதிப்புக் கூடியது என்பது வேறு சிலரின் விளக்கம். சண்டை இன்னும் ஓயவில்லை.

பெயர் வெட்டிய பொருளுக்கு மாற்று கிடையாது என்பதைக் குழந்தைகள்தான் நன்றாகக் காட்டுகிறார்கள். புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனையில் விளக்கும் பொத்தானும் வைத்த இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒரு பெட்டியில் பொம்மையை வைத்துப் பொத்தானை அமுக்கினால், அடுத்த பெட்டியில் அச்சாக அதே மாதிரி இன்னொன்று வரும். பின்னால் ஒளிந்திருந்த ஆள் வைப்பதுதான், ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருந்த பிள்ளைகள் அதை நகல் எடுக்கும் மெஷின் என்றே நம்பினார்கள். சாதாரண பொம்மை என்றால் புதிதாக வந்த நகலே பலருக்கு வேண்டும். இரவில் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைக் கேட்டபோது சில பிள்ளைகள் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. வைக்க விட்டவர்களிலும் பெரும்பாலோர் மூலத்தையே திருப்பிக் கேட்டார்கள். நகல் அச்சாக அதே மாதிரி இருக்கும் என்று அவர்கள் நம்பியும்!

பெரியவர்கள் இதைக் கடந்துவிட்டார்களா? ஹூட்டின் குழு இரண்டு வருடம் கழித்துப் பெரியவர்களை வைத்துப் பார்த்தது. உயிராக வைத்திருக்கும் பொருளின் புகைப்படத்தைக் கத்தரியால் வெட்டச் சொன்னார்கள். படத்தைத்தான், பொருளை அல்ல. விரல்களில் மாட்டிய கருவி தோலின் வியர்வையை அளந்தது. பதற்றம் ஏறினால் தோலின் மின்கடத்தல் கூடும், அதை வேண்டுமென்று மறைக்க முடியாது. ஒட்டுதல் இல்லாத பொருளின் படத்தை வெட்டும்போது இருந்ததைவிட, பிரியமான பொருளின் படத்தை வெட்டும்போது அளவு ஏறியது. காலண்டரைத் தூக்கிப் போடும்போது அதிலிருக்கும் முருகன் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவைக்கும் வீடுகளில் இந்த முடிவு யாரையும் திடுக்கிட வைக்காது.

பொருள்கள் ஆளின் நீட்சி என்பதை ரஸ்ஸல் பெல்க் 1988இல் நுகர்வு ஆய்வுக்குள் கொண்டுவந்தார். விரிந்த தன்னிலை என்று அவர் கருத்தைச் சொல்லலாம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1890இல் வில்லியம் ஜேம்ஸ் தன் உளவியல் நூலில், உடம்போடு சேர்த்து உடை, வீடு, சொத்து எல்லாவற்றையும் தன்னிலையின் கணக்கில் எழுதியிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். சிறையிலும் மனநல விடுதியிலும் முதல் நாளே சொந்த உடையையும் சீப்பையும் பிடுங்கிக்கொண்டு சீருடை கொடுப்பது ஏன் ஆளையே சிதைக்கிறது என்று 1961இல் எழுதினார்.

இதுவரை சொன்னது, பொருள் எப்படி "நான்" ஆகிறது என்று. அந்தப் பொருளைப் பார்க்கிறவருக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது தனிக் கதை. அதைச் சோதித்தவர் சாமுவேல் கோஸ்லிங். 2002இல் வெளிவந்த அவருடைய குழுவின் ஆய்வில் 94 அலுவலக இடங்களும் 83 படுக்கையறைகளும் இருந்தன. சொந்தக்காரரின் பெயரும் படமும் மறைக்கப்பட்டன. முன்பின் தெரியாத சிலர் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஐந்து குணங்களில் மதிப்பிட்டார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மன அமைதி, புதுமை நாட்டம். விடைத்தாளைத் திருத்தியது எப்படி? சொந்தக்காரர் தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பினால் அதுவே பழைய கோளாறில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் அவரை நன்கு அறிந்தவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புதுமை நாட்டத்தைப் பார்வையாளர்கள் நன்றாகவே பிடித்தார்கள். பொறுப்புணர்வையும் ஓரளவு பிடித்தார்கள். இணக்கமான ஆளா, சண்டைக்காரரா என்பதைச் சுவரும் மேசையும் அதிகம் சொல்லவில்லை. பெண்ணின் அறை என்று தெரிந்ததும், பெண்கள் இப்படித்தான் என்ற முன்முடிவுகளையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள்.

கோஸ்லிங் செய்த ஒரு பிரிவினை மிகவும் பயன்படுவது. அறையில் இருப்பவற்றில் சில, காட்டுவதற்காக வைத்தவை: சுவரில் மாட்டிய தலைவர் படம், மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய பொன்மொழி, கண்ணில் படும்படி வைத்த கேடயம். இவை அடையாள அறிவிப்புகள். மற்றவை நடந்ததன் மிச்சம்: புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோன அடையாளச் சீட்டு, அகர வரிசையில் அடுக்கிய ரசீதுகள், மூன்று நாள் டம்ளர். இவை நடத்தை எச்சங்கள். அறிவிப்பு எல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலானவர்கள் தங்களை உள்ளபடியே அறிவிக்க விரும்புகிறார்கள் என்பதே கோஸ்லிங்கின் கருத்து. ஆனால் எச்சத்தைத் தேர்ந்து வைக்க யாராலும் முடியாது, அதுவும் மாதக்கணக்கில். சுத்தமாக இருப்பதாகக் காட்ட ஒரு மணி நேரம் பெருக்கினால் போதும். அலமாரியின் உட்பக்கம் ஒழுங்காக இருக்க அந்தக் குணமே வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களை அம்மாக்கள் ஏன் கூடத்திலேயே உட்காரவைக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

அறிவிப்புக்கு இன்னொரு பலவீனம், அது சொந்தக்காரரின் கையில் நிற்பதில்லை. ஒரு சின்னம் எதைச் சொல்லும் என்பதை, அதை வேறு யாரெல்லாம் அணிகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. கறுப்பு சிவப்புக் கரை வேட்டியைத் தி.மு.க.காரர் கட்டுவதால்தான் அது தி.மு.க. வேட்டி. வெள்ளைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி ஜெயலலிதா படத்தை வைத்துக்கொண்டவர் வாயைத் திறக்கவே தேவையில்லாமல் இருந்தது. தவறான ஆட்கள் அதே சின்னத்தை எடுத்துக்கொண்டால்? ஜோனா பெர்கர், சிப் ஹீத் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி விடுதி ஒன்றில் இதைப் பார்த்தார்கள். புற்றுநோய் நிதிக்காக விற்கப்பட்ட லிவ்ஸ்ட்ராங் என்ற மஞ்சள் கைப்பட்டை அப்போது பிரபலம். முதலில் ஒரு விடுதியில் விற்றார்கள். ஒரு வாரம் போல விட்டு, படிப்பாளிகள் என்று கேலிக்கு ஆளான பக்கத்து விடுதியில் விற்றார்கள். படிப்பாளிகள் அணியத் தொடங்கியதும் முதல் விடுதியில் அணிந்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் கழற்றிவிட்டார்கள். பட்டையில் ஒன்றும் மாறவில்லை, நன்கொடையின் நோக்கமும் மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, படிப்பாளிகளின் கண்பார்வைக்கு அப்பால் இருந்த இன்னொரு விடுதியிலும் பட்டைகளை விற்றிருந்தார்கள். அங்கே கழற்றியவர்கள் மிகச் சிலர். சலிப்பால் கழற்றினார்கள் என்று சொல்லித் தப்ப முடியாதபடி இந்த ஒப்பீடு கட்டிப்போடுகிறது.

எல்லா ஆய்வும் இவ்வளவு நேர்த்தி இல்லை. 1982இல் ராபர்ட் விக்லண்ட், பீட்டர் கோல்விட்சர் இருவரும், மதிப்பெண்ணும் வேலை வாய்ப்பும் குறைவாக இருந்த எம்பிஏ மாணவர்களே விலையுயர்ந்த கடிகாரம், சூட்டு, பிரீஃப்கேஸ் என்று தொழிலதிபர் வேஷத்தில் அதிகம் வந்தார்கள் என்று எழுதினார்கள். குறையைச் சின்னத்தால் நிரப்புகிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. வேலை கிடைக்காதவர் நேர்முகத் தேர்வுக்காக அடிக்கடி சூட்டு மாட்டியிருக்கலாம்.

பெயரெழுத்து விவகாரத்தில் இந்தச் சறுக்கல் வெளிச்சமாகவே நடந்தது. பெல்ஜியத்தின் ஜோசப் நூட்டின், கார் எண் பலகைகளில் தன் பெயரின் எழுத்துகள் இருந்தால் அவை பிடித்திருப்பதைக் கவனித்து, 1985இல் அதைச் சோதனையாக்கினார். ஜனங்களுக்குத் தங்கள் பெயரின் எழுத்துகள் மற்ற எழுத்துகளைவிடப் பிடிக்கின்றன. வேறு வேறு மொழிகளிலும் பார்த்து உறுதிசெய்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 2002இல் பிரெட் பெல்ஹம் குழு, டென்னிஸ் என்று பெயர் வைத்தவர்கள் அதிக அளவில் டென்டிஸ்ட் ஆகிறார்கள் என்று ஒரு போடு போட்டது. 2011இல் ஊரி சைமன்சன் கணக்கைத் திரும்பப் பார்த்தார். டென்னிஸ் என்பது குறிப்பிட்ட தலைமுறையில் வைத்த பெயர், அந்தத் தலைமுறையில் எல்லாத் தொழிலிலும் டென்னிஸ்கள் நிறைந்திருந்தார்கள். எழுத்துப் பிரியம் உண்மை. அது தொழிலையே தீர்மானிக்கிறது என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை. வண்டிக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்கப் பணம் கட்டுபவர்களுக்கு நூட்டின் போதும்.

இவ்வளவும் படித்தால், மனிதர்கள் பொருள்களைத் தேர்வதே மற்றவர் கண்ணுக்காகத்தான் என்று தோன்றிவிடும். அதை மறுக்கும் பழைய ஆய்வு ஒன்று உண்டு, இந்தத் துறையில் மனத்துக்கு மிக நெருக்கமானது என்றும் அதைச் சொல்லலாம். மிஹாய் சிக்சென்மிஹாயும் யூஜீன் ராச்பெர்க்-ஹால்டனும் சிகாகோ பகுதியில் 82 குடும்பங்களில் மூன்று தலைமுறையைச் சேர்ந்த 315 பேரிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த வீட்டில் உங்களுக்கு விசேஷமான பொருள்கள் எவை, ஏன்? 1,694 பொருள்கள் பட்டியலில் சேர்ந்தன. 1981இல் நூலாக வந்தது. மேசை நாற்காலி வகையறாவை மூன்றில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். ஓவியங்கள், புகைப்படங்கள், புத்தகங்கள் அடுத்தடுத்து வந்தன. பேரப்பிள்ளைகள் பாட்டுக் கருவியையும் டிவியையும் காட்டினார்கள். தாத்தா பாட்டிகள் புகைப்படத்தைக் காட்டினார்கள். விலையையும் அழகையும் காரணமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் காரணங்களில் ஓயாமல் வந்தது, இது யார் கொடுத்தது, யார் உட்கார்ந்தது, எப்போது வாங்கியது என்ற பேச்சு. விருந்தாளிக்கு அந்த நாற்காலி வெறும் நாற்காலி. வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் அதில் பெயர் வெட்டியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது போதும் போலிருக்கிறது.

சிகாகோ, யேல், மில்வாக்கி என்று எல்லாமே கடைத்தெருவுக்குள் பிறந்து வளர்ந்தவர்களின் ஊர் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு மாதிரி வாழ்கிறவர்களுக்கும் கைக்கு வந்த பொருள்மேல் இப்படி ஒட்டுதல் வருமா? தான்சானியாவில் எயாசி ஏரிக்கரையில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடம் ஆய்வாளர் கோரன் அப்பிசெல்லாவின் குழு இதைச் சோதித்தது. 2014இல் முடிவு வெளியானது. ஹட்சாக்கள் கிடைத்ததைப் பகிர்ந்து உண்பவர்கள், சுமக்க முடிந்த அளவுக்கே பொருள் வைத்திருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் ஒரு லைட்டரோ பிஸ்கட் பாக்கெட்டோ கொடுத்து, வேண்டுமானால் வேறு நிறத்துக்கோ வேறு வகைக்கோ மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். குலுக்கலில் வந்தது என்பதால், ஒட்டுதல் எதுவும் இல்லையென்றால் பாதிப் பேர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒதுங்கிய முகாம்களில் அப்படியே நடந்தது, ஏறத்தாழ பாதிப் பேர் மாற்றினார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து வில்லும் பாசிமணியும் வாங்கிப்போகும் சாலைக்குப் பக்கத்து முகாம்களில் நான்கில் ஒருவர்தான் மாற்றினார். மற்றவர்கள், கையில் வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத லைட்டரை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள்.